முப்பணிக்கு ஓரிடம்

மருத்துவம் என்பது தனி ஒருவரால் நிறைவேறும் செயல் அன்று. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தபோதுதான் அது மருத்துவமாகும் என்பது திருவள்ளுவர் கருத்து. இந்நான்கனுள் ஒன்று குறையினும் ஏனைய மூன்றும் பயன் தாரா. மருத்துவன் வல்லவனாயினும் மருந்து இல்லையேல் என் செய்வான்? மருந்து இருந்தும் பேணுவார் இல்லையேல் நோயாளி எவ்வாறு பிழைப்பான்?

இக்கருத்தை விரித்து நோக்குவார்க்கு மற்றோர் உண்மையும் புலனாகும். புதிய நோய்க்குப் புதிய மருந்து வேண்டும். அதனைக் கண்டறிய ஆராய்ச்சி வேண்டும். மருத்துவனும் பேணுபவனும் தம் தொழிலைக் கற்றிருத்தல் வேண்டும். அதற்குப் பயிற்சிக்கூடம் வேண்டும். ஆகவே பேணல், ஆய்தல், பயிற்றல் என்னும் முப்பணியும் மருத்துவத்திற்கு இன்றியமையாதனவாகும். இம்மூன்றும் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே நடைபெறுதல் நன்றா? ஓரிடத்தே கூடி நடைபெறுதல் நன்றா? எங்கும் எழத்தக்க இவ்வினா, உயிர் காக்கும் காலம் நொடிக்கணக்கில் அமையும் போர்க்களத்து மருத்துவத்தில் மிக வலிவுடன் எழுகின்றது. கூடி நடைபெறுதலே நன்று என்பதற்கு அமெரிக்க நாட்டிலுள்ள ஒரு படைத்தளம் தக்க சான்றாக நிற்கின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ளது டெக்ஸாஸ் மாநிலம். அதன் பெருநகரங்களுள் ஒன்று சான் அன்டோனியோ. அந்நகரில் 1876ஆம் ஆண்டில், நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த பெரியதொரு பண்டகசாலையைப் படைக்கென எழுப்பத் தொடங்கினர். அதன் நடுமுற்றத்தில் மான்களும் மயில்களும் இன்றும் உலவக் காணலாம். அப்பண்டகசாலையைச் சூழ வளர்ந்த படைத்தளத்திற்கு 1890ஆம் ஆண்டில் சாம் ஹூஸ்டன் கோட்டை என்று பெயரிட்டனர். படைப்பொருள் காக்கத் தோன்றிய இடம் பிற்காலத்தில் படைவீரர் உயிர்காக்கும் இடமாக மாறியது.

அக்கோட்டையிலிருந்த மருத்துவமனைக்கு 1942ஆம் ஆண்டில், முன்னர் அதன் தலைவராக விளங்கிய ரோஜர் புரூக் என்பவரின் பெயர் சூட்டப்பெற்றது. 1946ஆம் ஆண்டில், பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் என்னும் ஊரில் நடைபெற்று வந்த படை மருத்துவப் பள்ளி அங்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டில், நியூயார்க் நகரைச் சார்ந்த ஸ்டேட்டன் தீவில் போர்ப்புண்களுக்குப் பென்சிலின் முதலிய புதிய மருந்துகளைப் பயன்படுத்தி ஆராய்ந்து வந்த குழுவும் அங்குக் குடியேறியது. இன்று அறுவை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் என வழங்குவது அக்குழுவே. இவ்வாறு ஐந்தாண்டுகளுக்குள் முப்பணியும் ஒரே மதிலகத்துள் இடம்பெற்றன.

அயலில் இருப்பதால் மட்டும் நன்மை விளைந்துவிடுமா? விளையாது. அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தும் ஒருவரோடொருவர் பேசாதிருப்பாரும் உளர். அங்கு நிகழ்ந்தது அதுவன்று. நோயாளியின் கட்டிலருகே எழுந்த வினா ஆய்வுக்கூடத்திற்குச் சென்றது; ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விடை மீண்டும் கட்டிலருகே வந்தது; பின்னர் அதுவே பள்ளியில் பாடமாயிற்று. இதனை மூன்று செய்திகளால் நன்கு அறியலாம்.

முதலாவது, தீப்புண் பற்றியது. அணுகுண்டின் கொடுமையை உலகம் கண்ட பின்னர், தீப்புண்ணைப் பற்றிய ஆராய்ச்சி இன்றியமையாததாயிற்று. 1949ஆம் ஆண்டு முதல் அந்நிலையத்தார் அதனைத் தம் தனிப்பணியாக மேற்கொண்டனர். தீயினால் வெந்த தோல் உயிரற்ற ஓடுபோல் உடலின்மீது படிந்துவிடும். அதன் அடியில் கிருமிகள் பெருகும். குருதியோட்டம் அற்றுப்போன அவ்விடத்திற்கு, ஊசிவழிச் செலுத்தும் மருந்து சென்று சேராது. தீயினின்று தப்பியோர் பலர் சின்னாட்களில் கிருமியால் மாண்டனர். இறந்த தோலை ஊடுருவிச் செல்லவல்ல மேலிடு மருந்தொன்று வேண்டும் எனத் தெளிந்த மருத்துவர், மாஃபனைடு என்னும் களிம்பை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டளவில் வழக்கிற் கொணர்ந்தனர். அது பூசுங்கால் எரிச்சல் தருவது. மிகுதியாகப் பூசின் குருதியின் இயல்பையும் மாற்றக்கூடியது. எனினும் தீப்புண் கிருமியால் விளைந்த சாவுகள் பெரிதும் குறைந்தன. மருந்தின் நன்மையையும் தீமையையும் உடனுக்குடன் அறிந்து அளவை வகுக்க முடிந்தமைக்கு, ஆய்வாளரும் நோயாளியும் ஓரிடத்தே இருந்தமை பெருந்துணையாயிற்று.

இரண்டாவது, நீர் பற்றியது. பெருந்தீப்புண் உற்றவன் உடலிலுள்ள நீர் குருதிக் குழாய்களினின்று கசிந்து வெளியேறும். ஆதலின் முதல் 24 மணி நேரத்தில் உப்புநீரை நரம்புவழிச் செலுத்துதல் வேண்டும். அது குறையின் சிறுநீரகம் கெடும். மிகின் உடல் வீங்கி, வயிறு இறுகி, உள்ளுறுப்புகள் நசுங்கும். 2003ஆம் ஆண்டில் ஈராக்குப் போர் தொடங்கிய பின்னர், ஆங்குத் தீப்புண் உற்ற வீரர் ஜெர்மனி வழியாக விமானத்தில் சான் அன்டோனியோவிற்குக் கொண்டுவரப்பெற்றனர். இடையில் பல மருத்துவர் கைப்பட்டு வந்தமையால், எவ்வளவு நீர் ஏற்றப்பெற்றது என்பது தெளிவாக விளங்கவில்லை. அளவிற்கு மிஞ்சிய நீருடன் வந்தோர் துன்புறுவதைத் தீப்புண் பகுதியினர் கண்டனர். உடனே, முதல் 24 மணி நேரமும் மணிதோறும் ஏற்றிய நீரையும் வெளிப்பட்ட சிறுநீரையும் குறித்து வைக்கும் தாள் ஒன்றை வகுத்துப் போர்க்களத்து மருத்துவர்க்கு அனுப்பினர். வயிற்றிறுக்கமும் அதனோடு சேர்ந்த இறப்பும் குறைந்தன. அரிய கருவி யாதும் இங்கு வேண்டப்பெறவில்லை. ஒரு தாளும் அதனை ஒழுங்காக நிரப்பும் கையுமே வேண்டப்பெற்றன.

நெருக்கடியில் கணக்கிட்டு மயங்குவோர்க்கு எளிய விதியொன்றையும் அந்நிலையத்தார் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உடலில் நூற்றுக்கு எத்தனைப் பங்கு வெந்துள்ளதோ, அதனைப் பத்தாற் பெருக்குக. அதுவே ஒரு மணிக்கு ஏற்றத் தொடங்க வேண்டிய நீரின் மில்லிலிட்டர் அளவு. 40 முதல் 80 கிலோகிராம் வரை எடையுள்ள வயது வந்தோர்க்கு இவ்விதி பொருந்தும். நூற்றுக்கு 40 பங்கு வெந்தவனுக்கு மணிக்கு 400 மில்லிலிட்டர் என்று தொடங்கி, பின்னர் அவன் நிலைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ செலுத்துவர். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயன் ஒரு சிறுவனும் வாய்ப்பாட்டால் கணிக்கத்தக்க எளிமையுடன் அமைந்தது. கற்பிக்க வேண்டியவர் அருகிலிருந்தால்தான் ஆய்வாளனுக்கு எளிமையின் அருமை விளங்கும்.

மூன்றாவது, குருதிப்பெருக்கைத் தடுக்கும் இறுக்குக் கட்டு. கை கால்களில் பெருங்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். புண்ணுக்கு மேலே இறுகக் கட்டினால் குருதி நிற்கும். ஆயினும், அவ்வாறு கட்டினால் உறுப்பே அழுகிப்போம் என்னும் அச்சம் மருத்துவரிடையே நெடுங்காலம் நிலவியது. ஆதலின் அது கடைசி வழியாகவே கருதப்பெற்றது. ஆராய்ச்சி நிலையத்தார் பலவகைக் கட்டுகளைத் தொண்டர் உடலிற் கட்டி ஆராய்ந்தனர். சில மட்டுமே குருதியோட்டத்தை முற்றும் நிறுத்தின. பின்னர் 2006ஆம் ஆண்டில், அந்நிலையத்து மருத்துவர் ஒருவர் பாக்தாது நகரப் படை மருத்துவமனையில் 232 பேருக்கு இடப்பெற்ற 428 கட்டுகளை ஆராய்ந்தார். குருதியிழந்து உடல் தளர்வதற்கு முன்னரே கட்டப்பெற்றோரில் நூற்றுக்கு 90 பேர் பிழைத்தனர். தளர்ந்த பின்னர்க் கட்டப்பெற்றோரில் நூற்றுக்கு 10 பேரே பிழைத்தனர். கட்டின் காரணமாக எவரும் உறுப்பை இழக்கவில்லை. நெடுங்கால அச்சம் ஆதாரமற்றது என்பது இதனால் விளங்கியது.

இவ்வுண்மை நூலில் மட்டும் இருந்திருப்பின் யாருக்குப் பயன்? கட்டுப் போடுபவன் ஆய்வாளன் அல்லன். களத்தில் வீரனுக்கு அருகில் நிற்கும் முதலுதவியாளன். அவனுக்குக் கற்பிக்கும் இடமும் அக்கோட்டையிலேயே இருக்கின்றது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தத்தம் மருத்துவ உதவியாளர்க்கு வெவ்வேறு ஊர்களில் பயிற்சியளித்து வந்தன. கடற்படையின் பள்ளி இல்லினாய் மாநிலத்துக் கிரேட் லேக்ஸ் என்னும் தளத்தில் இருந்தது. 2005ஆம் ஆண்டில் எடுத்த முடிவின்படி இவை சாம் ஹூஸ்டன் கோட்டையில் ஒருங்கிணைக்கப்பெற்றன. 2010ஆம் ஆண்டில் பொதுப் பயிற்சி வளாகம் திறக்கப்பெற்று, மறு ஆண்டில் இடமாற்றம் நிறைவுற்றது. இன்று நாற்பதிற்கு மேற்பட்ட பயிற்சிகள் அங்கு அளிக்கப்பெறுகின்றன.

உயிர் பிழைத்தால் போதுமா? காலிழந்தவன் மீண்டும் நடத்தல் வேண்டும். கையிழந்தவன் மீண்டும் தொழில் செய்தல் வேண்டும். இதற்கென 2007ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நான்கடுக்கு மறுவாழ்வு நிலையம் ஒன்று மருத்துவமனையின் அருகே திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 6,00,000 மக்கள் அளித்த நன்கொடையால் அஃது எழுந்தது.

இம்முறையை மறுத்துரைப்பாரும் உளர். அவர் கூற்றையும் கேட்டல் அறிவுடைமையாகும். எல்லாவற்றையும் ஓரிடத்தே குவித்தால், அவ்வப்படைக்குரிய நெடிய பயிற்சி மரபு அழியும் என்பது அவர்தம் முதற்கூற்று. கப்பலில் பணிபுரிவோன் தேவை வேறு. விமானத்தில் பணிபுரிவோன் தேவை வேறு. இஃது உண்மையே. ஆயினும் உடற்கூறு மூவர்க்கும் ஒன்றன்றோ? நீலச்சட்டை அணிந்தவன் குருதிக்கும் பச்சைச்சட்டை அணிந்தவன் குருதிக்கும் நிறவேறுபாடு உண்டோ? பொதுவானவற்றைச் சேர்ந்து கற்றபின், அவ்வப்படைக்குரிய சிறப்புப் பயிற்சியைத் தனியே பெறும் முறையே அவ்வளாகத்தில் கையாளப்பெறுகின்றது. ஆதலின் மரபிற்கும் இடமுண்டு, ஒற்றுமைக்கும் இடமுண்டு.

இரண்டாவது மறுப்பு இதனினும் கனமானது. ஆராய்ச்சிக்கூடத்தின் அருகே நோயாளி கிடந்தால், அவனை மனிதன் எனக் கருதாது ஆய்வுப்பொருளாகக் கருதும் தீமை நேரலாம் என்பர். படைவீரனோ மேலோர் ஆணைக்குக் கீழ்ப்படிந்து பழகியவன். ‘வேண்டா’ எனச் சொல்ல அஞ்சுவான். இவ்வச்சத்தைப் புறக்கணித்தல் தகாது. இதற்கு மருந்து முன்னரே காட்டப்பெற்றுள்ளது. அமெரிக்கப் படை மருத்துவராகிய வால்ட்டர் ரீடு என்பவர், மஞ்சட்காய்ச்சல் கொசுவினால் பரவுவதை 1900ஆம் ஆண்டில் கியூபாத் தீவில் ஆராய்ந்தபோது, ஆய்வுக்கு உட்பட முன்வந்தோரிடம் எழுத்து வடிவில் இசைவு பெற்றார். நோயாளியின் இசைவின்றி ஆராய்ச்சி இல்லை என்னும் வரம்பு எங்கு உறுதியாக நிற்கின்றதோ, அங்குதான் முப்பணியும் கூடி வாழலாம். அவ்வரம்பு தளருமாயின், மூன்றும் நூறு காதத்திற்கு அப்பால் பிரிந்து நிற்றலே நன்று.

போரினால் மருத்துவம் வளர்கின்றது ஆதலின் போரும் நன்றே என்று எவரும் மயங்கலாகாது. புண்ணை உண்டாக்குவது ஒரு கை. அதனை ஆற்றுவது மற்றொரு கை. ஆற்றும் கையைப் போற்றுவதனால் அடிக்கும் கை அறமுடையது ஆகிவிடாது. ஆயினும் நேர்ந்துவிட்ட புண்ணினின்று கற்கத் தவறுதல், புண்பட்டவனுக்கு இழைக்கும் இரண்டாம் கொடுமையாகும். அவன் துன்பம் பிறர் துன்பத்தைத் தடுக்குமாயின், அஃது அத்துணை அளவேனும் வீண்போகாது.

அங்ஙனம் வீண்போகவில்லை என்பதற்கும் சான்று உண்டு. புரூக் மருத்துவமனை படைவீரர்க்கு மட்டும் கதவு திறப்பதன்று. சான் அன்டோனியோவைச் சார்ந்த பொதுமக்களும் சாலை விபத்திலோ தீ விபத்திலோ சிக்கினால் அங்குச் சேர்க்கப்பெறுகின்றனர். அதனால் மக்கள் உயிர்பெறுகின்றனர். மருத்துவரும் அமைதிக்காலத்தில் தம் கைத்திறன் மழுங்காமற் காக்கின்றனர். 2015ஆம் ஆண்டில், குருதிப்பெருக்கை நிறுத்தும் முறையைப் பொதுமக்கள் யாவர்க்கும் கற்பிக்கும் இயக்கம் ஒன்று அந்நாட்டில் தொடங்கப்பெற்றது. பாக்தாதில் வீரர்க்கு இட்ட கட்டு, இன்று பள்ளியிலும் கடைவீதியிலும் வழிச்செல்வோர் உயிரைக் காக்கின்றது.

கிணறு ஓரிடத்தும், வயல் ஓரிடத்தும், விதை வேறோரிடத்தும் இருப்பின் உழவன் என் செய்வான்? நீர் வயலுக்கு வருமுன் பயிர் வாடும். பேணல், ஆய்தல், பயிற்றல் என்னும் மூன்றும் அத்தகையனவே. இடத்தால் ஒன்றுபடுதல் முதற்படி. உள்ளத்தால் ஒன்றுபடுதல் அடுத்த படி. நோயாளியின் மானத்தைக் காத்தல் இரண்டிற்கும் அடிப்படை. மருத்துவத்துறையில் புகவிரும்பும் இளைஞர், ‘என் பணி இஃது ஒன்றே’ எனத் தமக்குள் சுவர் எழுப்பிக்கொள்ளாது, பேணும்போது வினவுதலையும், வினவியதை ஆராய்தலையும், ஆராய்ந்ததைப் பிறர்க்குக் கற்பித்தலையும் ஒருங்கே பழகுதல் வேண்டும். முப்பணியும் ஓரிடத்தே கூடுவதற்கு மிகச் சிறந்த இடம் மனிதனின் நெஞ்சமே.