வரிக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது தேதி

வருமான வரி என்றதும் நம் மாணவர்களில் பலருக்குக் கணக்கியல் பாடம்தான் நினைவுக்கு வரும். வருமானம், கழிவு, வரி விகிதம், கடைசியில் ஒரு தொகை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்காய்வு வேலையில் இருந்துகொண்டே, வரித் தகராறு வழக்குகளைப் படிக்க முதுகலை வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரத்தில் விரிவுரையாளர் ஒரு வரி மதிப்பீட்டு அறிவிக்கையின் நகலைக் கொடுத்து, "இதில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். தொகையை என்றோம். அவர் எதிர்பார்த்த பதில், தேதி.

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 99-ஆவது பிரிவுப்படி, மதிப்பீட்டை ஏற்காதவர் அறிவிக்கை கிடைத்த 30 நாள்களுக்குள் கியூ பாரத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தவறினால், கால நீட்டிப்புக்குத் தனியாக விண்ணப்பித்துத் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவர், "அதிகாரியிடம் பேசியிருக்கிறேன், கடிதமும் கொடுத்துவிட்டேன்" என்று ஐந்து வாரம் சும்மா இருந்துவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால், அதை யாரும் விசாரிக்கும் முன்பே தவணை முடிந்துவிட்டது.

அடுத்து என்னைத் திகைக்க வைத்தது 103-ஆவது பிரிவு. மேல்முறையீடு செய்தாலும் வரியைக் கட்டியாக வேண்டும். 'முதலில் கட்டு, பிறகு வாதாடு' என்பதே விதி. இதற்கு ஒரு நியாயம் உண்டு. வழக்குப் போட்டால் வரியைத் தள்ளிப்போடலாம் என்றால் எல்லாரும் வழக்குப் போடுவார்கள். அரசாங்கத்தின் வருமானம் முடங்கும். ஆனால், பெரிய நிறுவனம் கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். சிறு வணிகருக்கு அதுவே கடையின் முதல். தவணையில் கட்ட விண்ணப்பிக்க வழியுண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. அதோடு, மதிப்பீடு தவறு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வரி செலுத்துபவருடையது. ரசீது இல்லாத உண்மை அங்கே எடுபடாது.

மேல்முறையீட்டை முதலில் உள்நாட்டு வருமான வரி வாரியமே மறுபரிசீலனை செய்யும். இணக்கம் ஏற்படாவிட்டால் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் போகும். சாட்சியமும் ஆவணங்களும் அங்கேதான் ஆராயப்படும். அதற்குமேல் உயர் நீதிமன்றத்துக்குச் சட்டக் கேள்வியை மட்டுமே கொண்டுபோக முடியும். ஆகவே, ஆணையர்கள் முன் வைக்கத் தவறிய சான்றைப் பிறகு தேடிப் பயனில்லை.

இன்று இது ஏன் முக்கியம்? 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல் கட்டாயமானது. பிறகு அது சிறிய நிறுவனங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. விற்பனை விவரம் உடனுக்குடன் வாரியத்தின் கைக்குப் போகிறது. எனவே, 'விற்றாயா, இல்லையா' என்ற சண்டை குறையும் என்றே நினைக்கிறேன். 'இந்தப் பணம் வருமானமா, மூலதனமா? இந்தச் செலவு கழிவுக்கு உரியதா?' என்ற சண்டை கூடும். முதல் வகைக்குக் கணக்குப்பிள்ளை போதும். இரண்டாவதற்குச் சட்டம் தெரிந்தவர் வேண்டும்.

வீராமுடா வழக்கு இதற்கு நல்ல சான்று. நில மேம்பாட்டு நிறுவனம் ஒன்றின் நிலத்தை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்தது. 4சி பிரிவின்கீழ் அந்த இழப்பீடு வணிக வருமானமாகக் கருதப்பட்டு, வரி விதிக்கப்பட்டது. நிறுவனம் நீதித்துறை மறுஆய்வு கோரிக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. போதுமான இழப்பீடின்றிச் சொத்தைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 13(2) விதி. 4சி பிரிவு அதற்கு முரணானது என்று 2022-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டல் கழித்தலில் யாரும் பிழை காணவில்லை. அந்த வரியை விதிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. ஆனால், எல்லாருக்கும் இந்த வழி திறக்காது. மேல்முறையீட்டு வழி இருக்கும்போது அதைத் தாண்டி வருவதற்குத் தனிப்பட்ட காரணம் இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கும்.

என் வகுப்பில் சட்டம் படித்தவர்கள் இருப்புநிலைக் குறிப்பைக் கண்டு தயங்குகிறார்கள். என்னைப் போன்ற கணக்கியல்காரர்கள் தீர்ப்பை வாசிக்கத் திணறுகிறோம். இரண்டும் கைவந்தவர் குறைவு. அந்த இடைவெளிதான் நம் மாணவர்களுக்கு வாய்ப்பு. வழக்கறிஞராக இல்லாவிட்டாலும், உரிமம் பெற்ற வரி முகவர் சிறப்பு ஆணையர்கள் முன் வாதாடலாம். பட்டப்படிப்பு வாரிப் பாரத்தை நிரப்பக் கற்றுத்தந்தது. அதில் வரும் தகராறைக் கையாள முதுகலைதான் கற்றுத்தருகிறது.

முதுகலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ உறவினர் கடையிலோ வரி வாரியத்தின் கடிதம் பிரிக்கப்படாமல் கிடந்தால், இன்றே பிரித்துத் தேதியைப் பாருங்கள். அது மதிப்பீட்டு அறிவிக்கையானால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.