கதிர்வீச்சுக்கும் ஒரு தாயத்தா?

தாயத்துக் கட்டும் வழக்கத்தை மேடைதோறும் கண்டித்து வந்தவர்கள் நாம். மந்திரித்த கயிற்றைப் பிள்ளைகளின் கழுத்திலிருந்து அவிழ்த்தெறியச் சொன்னவர்களும் நாமே. அதே நம் வீடுகளில் இன்று கைபேசியின் முதுகில் பொன்னிற ஸ்டிக்கர் ஒன்று மின்னுகிறது. கதிர்வீச்சை அது உறிஞ்சிக் கொள்ளுமாம்! முன்பு ஓதிக் கொடுத்தவராவது ஒருவர் இருந்தார். இப்போது விற்றவர் மட்டுமே இருக்கிறார்.

2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் விடுத்த எச்சரிக்கையை இவ்வன்பர்கள் அறிதல் நலம். ஐந்தாம் தலைமுறை அலைகளிலிருந்து காக்கும் எனச் சொல்லி விற்கப்பட்ட பதக்கம், கைவளை முதலான பத்துப் பொருள்கள் சோதிக்கப்பட்டன. அவையே கதிரியக்கம் உடையவையாக இருந்தன! குழந்தைகளுக்கான கைவளையும் அவற்றுள் ஒன்று. நெடுநாள் அணிந்தால் தீங்கு நேரலாம், உடனே கழற்றி விடுங்கள் என்றது ஆணையம். இல்லாத பேய்க்கு அஞ்சி, இருக்கும் பாம்பை மடியில் கட்டிக் கொண்டார்கள்.

கதிர் என்ற ஒரு சொல்லே இத்தனை மயக்கத்துக்கும் வேர். அணுக்கதிர், உடலின் மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. கைபேசியின் அலையோ வானொலி அலையின் இனம். நம் விளக்கொளியை விடவும் ஆற்றல் குறைந்தது. திசுக்களைச் சிறிதளவு சூடாக்குவதே அதனிடம் உறுதியாக அறியப்பட்ட விளைவு.

படித்தவர்கள் உடனே 2011-ஐ எடுத்துக் காட்டுவர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அவ்வாண்டில் இவ்வலைகளை ‘புற்றுநோய் விளைவிக்கக் கூடியனவாக இருக்கலாம்’ என்ற பிரிவில் சேர்த்தது மெய்யே. ஆனால் ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கிறது’ என்று படிக்க உரிமை தந்தவர் யார்? ‘இன்ன’வும் ‘லஅல்ல’வும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தாம், ஆயினும் முன்னது உறுதி, பின்னது ஐயம் கலந்த எதிர்பார்ப்பு என்பதை அரபு இலக்கணத்தின் தொடக்க மாணவனும் அறிவான். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்கு ஸ்டிக்கர் ஒட்டியவரை நாம் கண்டதில்லை.

அதற்குப் பின்னும் ஆய்வு நின்றுவிடவில்லை. 2018-இல் அமெரிக்க ஆய்வொன்று ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகளைக் கண்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்பது மணி நேரம், ஈராண்டுக் காலம், உடல் முழுதும் அலையில் நனைந்த எலிகள் அவை. நனையாத எலிகளை விட நெடுநாள் வாழ்ந்தவையும் அவையே. மனிதரிடத்தோ, பிரிட்டனில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த ஆய்வு (2022), உலக சுகாதார நிறுவனம் செய்வித்த தொகுப்பாய்வு (2024) ஆகிய இரண்டும் கைபேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை.

தெருவில் கோபுரம் கூடாதென்று மனுக் கொடுப்போரின் நிலை இன்னும் வேடிக்கையானது. கோபுரம் தொலைவானால் கைபேசி தன் ஆற்றலைக் கூட்டியே பேசும். அதுவோ காதோடு ஒட்டி இருக்கிறது. அலையை மறைக்கும் தகடும் அப்படித்தான். பேசியை இன்னும் வலுவாக அலை வீசச் செய்யக் கூடும் என அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையமே எச்சரித்துள்ளது. ஐயம் தீராதவர் காதுக்கருவி மாட்டிப் பேசட்டும். காசு கொடுத்து எதையும் ஒட்ட வேண்டாம்.

சென்ற வாரம் கடைத்தெருவில் ஓர் இளைஞர் தோளுக்கும் காதுக்கும் இடையே பேசியை இடுக்கிக் கொண்டு, தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் பறந்தார். ஒரு லாரி மயிரிழையில் விலகிச் சென்றது. அந்தப் பேசியின் முதுகிலும் பொன்னிற ஸ்டிக்கர் இருந்தது.