அப்டேட்டை நிறுத்தச் சொன்னவன் நான்தான்

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கும் எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். சர்க்கரை அளவு, பென்ஷன், ஆவடி ரோடு டிராபிக் என்று வழக்கமாக ஓடும் பேச்சில், போன அக்டோபரிலிருந்து புதிதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது.

"சார், விண்டோஸ் பத்து செத்துப் போச்சாமே? கம்ப்யூட்டரைத் தூக்கி எடைக்குப் போடணுமா?"

நாலு பேர் கேட்டாயிற்று. தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவன் என்பதால், ஃபேன் ஓடாவிட்டாலும் என்னிடம்தான் கேட்பார்கள், கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும் என்னிடம்தான் கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் என் தப்பு ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எங்கள் கோஷ்டியில் ஒரு நண்பர். மனைவி காலமாகி ஐந்து வருஷம். அந்த அம்மாவின் பழைய புகைப்படங்களையெல்லாம் ஆல்பத்திலிருந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பது அவருக்கு வழக்கம். ஒருநாள் அவர் சலித்துக்கொண்டார். "அவசரமா லைஃப் சர்டிபிகேட் வேலை பார்க்க உட்கார்ந்தா, 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்'னு முக்கால் மணி நேரம் சுத்துது சார்." நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அதை நிறுத்தி வையுங்க சார், ஓடுற மிஷினை எதுக்கு நோண்டணும்?" என்றேன். நானே போய் நிறுத்தியும் கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் போல நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அவருக்கு பிடிஎஃப் கோப்புகளைத் திருத்தும் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டியதை 'கிராக்' போட்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தவர் ஒருவர் வழி காட்டினார். இறக்கும்போது 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்று இருந்ததாம். அணைத்துவிட்டார். வீட்டுக்குள் வர விரும்புகிறவன், "முதலில் நாயைக் கட்டிப் போடுங்கள்" என்று சொன்னால் நாம் சந்தேகப்பட மாட்டோமா? இதில் மட்டும் ஏனோ சந்தேகப்படுவதில்லை.

மறுநாள் காலை ஒரு படமும் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் பின்னால் புரியாத நாலு எழுத்து வால். கூடவே ஒரு கடிதம்: 980 டாலர் கொடுத்தால் திறந்து தருகிறோம், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை. ஆடித் தள்ளுபடி மாதிரி. உலகம் முழுக்க 'கிராக்' மென்பொருள் வழியாகப் பரவிய ரான்சம்வேர் வகை அது என்று பிறகுதான் தெரிந்தது.

பணம் கட்டவில்லை. கட்டினாலும் திறந்து தருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆல்பம் பத்திரமாக இருந்ததால் அதிலிருந்த படங்களைத் திரும்ப ஸ்கேன் செய்தோம். ஆனால் கடைசி மூன்று வருஷங்களில் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அவை போனது போனதுதான். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அப்டேட் ஓடியிருந்தால் அது நடந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. பாதுகாப்பை அணைத்தது வேறு விஷயம். ஆனால் கதவுக்கு இருந்த இரண்டு தாழ்ப்பாளில் ஒன்றை நான் எடுத்துவிட்டேன், மற்றதை அவர் எடுத்துவிட்டார். இதுதான் நிஜம்.

மெயின்டனன்ஸ்காரனான எனக்கே இது உறைக்காமல் போனதில்தான் வெட்கம். மிஷின் ஓடுகிறதே என்று ஆயில் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று எத்தனை அப்ரண்டிஸ் பையன்களுக்குப் பாடம் எடுத்திருப்பேன்! அப்டேட் என்பதைப் புது பெயின்ட், புது பொம்மை என்று நினைத்துவிட்டேன். அதில் முக்கால்வாசி, கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் வேலை.

2017 மே 12-ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற ரான்சம்வேர் உலகத்தைக் கலக்கியது பலருக்கு நினைவிருக்கும். சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் போடாமல் வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரான்சம்வேர் புகுந்து, பல நாள் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். எய்ம்ஸுக்கே அந்தக் கதி என்றால் ஆவடியில் நாம் எம்மாத்திரம்?

சரி, விண்டோஸ் 10-க்கு வருவோம். 2015 ஜூலையில் வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் நின்றுவிடாது. நேற்றுப் போலவே ஓடும். ஆனால் இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், சுமார் 2018-க்குப் பிறகு வந்த பிராசஸரும் வேண்டுமாம். நான் 2016-ல் மின்சார ரயில் ஏறி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பெட்டிக்கு அந்தத் தகுதி இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு திருகு கூடக் கெடாத பெட்டி. அதைக் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்? லேத் மிஷினை முப்பது வருஷம் ஓட்டிய தலைமுறை நாம். பாதுகாப்பு வேண்டும் என்பது சரி. அந்தப் பாதுகாப்புக்காக ஓய்வூதியக்காரன் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் எடுத்து வை என்பது சரியில்லை. விற்ற பொருளின் ஓட்டையை அடைப்பது விற்றவர் கடமை. பொருள் உழைக்கும் வரை அந்தக் கடமையும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் கோபத்தில் வெறும் உடம்போடு வெயிலில் நிற்கக் கூடாது. வழி இருக்கிறது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தருகிறார்கள். கட்டணம் 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, நம் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லாமலும் கிடைக்கிறது. அப்டேட் பகுதியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். நான் செய்துவிட்டேன், கால் மணி நேர வேலை.

இன்னொரு பழைய லேப்டாப்பில் பேரன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது, பழைய பெட்டியிலும் ஓடுகிறது, அப்டேட்டும் வருகிறது. 2011-ல் தொடங்கி நம் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் 'பாஸ்' என்று ஒன்று இருந்ததே, சி-டாக் உருவாக்கியது, அதுவும் லினக்ஸ்தான். பேப்பர் படிக்க, மெயில் பார்க்க, இந்த மாதிரிக் கட்டுரை எழுத இது போதும். ஒரு வாரம் தடுமாறினேன், இப்போது பழகிவிட்டது.

கோஷ்டியில் கேட்டவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். 'முந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தரேன்' என்று சொல்கிறவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். கள்ள நகலைக் காப்பாற்ற அப்டேட்டையும் சேர்த்து முடக்கிவிடுவார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காதீர்கள், நம் உபயோகத்துக்கு அது போதும். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று திரையில் வந்தால் கூப்பிடவே கூடாது. பணம் பறிபோனால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படங்களையும் பத்திரங்களையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

நண்பர் வீட்டுக்கு இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு போகிறேன். அப்டேட் ஓடட்டும் என்று விட்டுவிட்டு இருவரும் காபி குடிக்கிறோம். முக்கால் மணி நேரம் ஆகத்தான் செய்கிறது. ஆகட்டும், நமக்கென்ன அவசரம்?