வானில் 2½ மணி நேரம் 'திக் திக்'! பரந்தூருக்கு பாடம் சொல்லும் விமான விபத்துகள்

காஞ்சிபுரம்:-

பரந்தூரில் ஏர்போர்ட் வந்தால் பிளேன் நம்ம ஏரியா மேலதானே இறங்கும், சக்கரத்துல கோளாறு வந்தா என்ன ஆகும்? இப்படி யாராவது கேட்டால் சிரித்துவிட்டு போக முடியாது. திருச்சிக்காரர்களை கேட்டால் தெரியும்.

2024 அக்டோபர் 11-ந்தேதி மாலை திருச்சியில் இருந்து 141 பயணிகளுடன் சார்ஜாவுக்கு கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். மேலே ஏறியதுமே ஹைட்ராலிக் கோளாறு. சக்கரத்தை மடக்குவது, பிரேக் பிடிப்பது எல்லாம் இந்த எண்ணெய் அழுத்தத்தில்தான் நடக்கும்.

உடனே இறங்கவும் வழி இல்லை. டேங்க் நிறைய எரிபொருள். போயிங் 737 ரகத்தில் அதை நடுவானில் கொட்டும் வசதி கிடையாது. பறந்து பறந்துதான் எரித்து தீர்க்கணும். இரண்டரை மணி நேரம் வட்டமடித்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் தயாராக நின்றன. இரவு 8.15 மணி அளவில் பத்திரமாக தரை இறங்கியது. ஊரே நிம்மதி பெருமூச்சு விட்டது.

சக்கரம் இறங்காவிட்டால்...

சக்கரம் இறங்கவில்லை என்றாலே சாவு என்று நினைக்க வேண்டாம். 2011 நவம்பர் 1-ந்தேதி போலந்து நாட்டு வார்சாவில் ஒரு விமானம் சக்கரம் இல்லாமல் வயிற்றால் தேய்த்துக்கொண்டே இறங்கியது. 231 பேரும் தப்பினார்கள்.

2024 டிசம்பர் 29-ந்தேதி தென்கொரியாவின் மூவான் நகரிலும் ஒரு விமானம் அப்படித்தான் இறங்கியது. ஆனால் ஓடுபாதையை தாண்டி போய் கான்கிரீட் மேட்டில் மோதி தீப்பிடித்தது. இருந்த 181 பேரில் 179 பேர் பலி. ஒரே மாதிரி இறக்கம்தான். வித்தியாசம், ஓடுபாதை முடிகிற இடத்தில் என்ன இருந்தது என்பது.

நம்ம நாட்டிலும் இதே கதைதான். சக்கரம் நன்றாக இருந்தும், ஓடுபாதையை தாண்டி பள்ளத்தில் விழுந்து 2010-ல் மங்களூரில் 158 பேரும், 2020-ல் கோழிக்கோட்டில் 21 பேரும் பலியானார்கள். இரண்டுமே மலை உச்சியை வெட்டி போட்ட ஓடுபாதை.

பரந்தூரில் என்ன?

ஓடுபாதை முடிந்த பிறகு 60 மீட்டரும், அதற்கு அப்புறம் குறைந்தது 90 மீட்டரும் வெட்டவெளியாக விட வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த 90-ஐ 240 ஆக்கினால் நல்லது என்பது பரிந்துரை.

பரந்தூர் மலை இல்லை, சமதரை. 2 ஓடுபாதை திட்டம். 2025-ல் மத்திய அரசு கொள்கை அளவில் அனுமதியும் கொடுத்தது. புதுசாக போடுகிற இடத்தில் 90-ஓடு நிறுத்தினோம் என்று சாக்கு சொல்ல முடியாது. மூவானில் பறவை மோதியதும் மறக்கக்கூடாத விஷயம். பரந்தூரை சுற்றி ஏரி, குளம் நிறைய. தண்ணீர் இருக்கிற இடத்தில் பறவை இருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வரைபடத்தில் வெட்டவெளி என்று காட்டுகிற மண், யாரோ ஒருத்தர் நெல் போடுகிற கழனி. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடியது அதற்காகத்தான். அதனால் ஓடுபாதை எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் எத்தனை மீட்டர், அது யார் நிலம் என்பதை கிராமசபையில் வைத்து வரைபடத்தோடு சொல்லணும்.

ஏர்போர்ட் பக்கத்தில் மனை என்று விளம்பரம் பார்த்து சீட்டு பணத்தை எடுக்க போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விமான நிலையத்தை சுற்றி கட்டிட உயரத்துக்கு கட்டுப்பாடு உண்டு. அதை விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

சக்கரத்தை பார்த்துக்கொள்ள என்ஜினீயர் இருக்கிறார். ஓடுபாதைக்கு அப்பால் உள்ள மண்ணை பற்றி கேட்க வேண்டியது நாம்தான். கேட்க வேண்டிய நேரம், கான்கிரீட் போடுவதற்கு முன்பு.