விலை எல்லோருக்கும், கூலி யாருக்கு? இலங்கை அதிபர் தேர்தலைப் பட்டினச்சேரியிலிருந்து வாசித்தல்

காரைக்கால் மாவட்டம் பட்டினச்சேரியில் வாழும் இந்தியக் குடிமக்களுக்குத் தம் குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. இந்தியாவில் அந்த வாக்கு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுடையது. ஆயினும் இக்கரையின் அன்றாடத்தை நேராகத் தொடும் ஒரு தலைவர் தேர்தல் உண்டு. அது கடலுக்கு அப்பால் நடக்கிறது. இலங்கையில் புதிய அதிபர் பதவியேற்று நான்கு மாதங்கள் கழிந்த நிலையில், 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே 13 மீனவர்கள் இருந்த காரைக்கால் விசைப்படகின் மீது அந்நாட்டுக் கடற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இருவர் படுகாயமுற்றனர். ஆகவே 2024 செப்டம்பர் 21 தேர்தலில் எத்தகைய பேச்சு வென்றது, அது எவருடைய பசியைப் பேசியது, எவருடையதைப் பேசாமல் விட்டது என்பவை நமக்கு அயலார் விவகாரம் அல்ல.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்த நாடு அது. அவ்வாண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை எட்டியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார். அவர் இடத்திற்கு வந்த ரணில் விக்கிரமசிங்க, 2024 தேர்தலில் சுயேச்சையாக நின்றபோது பெற்ற சின்னமே எரிவாயு சிலிண்டர். இதைவிட வெளிப்படையான தேர்தல் செய்தியை நாம் கண்டதில்லை: வரிசையை நினைத்துப் பாருங்கள், அது இப்போது இல்லை, எனக்கு வாக்களியுங்கள். ‘இயலும் ஸ்ரீலங்கா’ என்ற முழக்கம் அதற்கு மேற்பூச்சு மட்டுமே. ஆனால் வரிசை மறைந்த இடத்தில் 18 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி வந்து நின்றது. பொருள் கடையில் இருந்தது. வாங்கும் காசு கையில் இல்லை. ரணில் 17.27 விழுக்காட்டுடன் மூன்றாம் இடத்திற்குப் போனார்.

அனுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்தது. நாடு ஏழையானதற்குக் காரணம் ஊழல் செய்த பழைய ஆளும் குடும்பங்கள். அவர்களை அகற்றினால் ‘வளமான நாடு, அழகான வாழ்க்கை’ கைகூடும் என்றது. 2019இல் 3.16 விழுக்காடு பெற்றவர் இம்முறை முதல் எண்ணிக்கையில் 42.31 விழுக்காடு பெற்றார். அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணி வெற்றி அறிவிக்கப்பட்டது.

1992இல் பில் கிளிண்டனின் பரப்புரையாளர்கள் பொருளாதாரத்தையே பேசுங்கள் என்று தம் அலுவலகத்தில் எழுதி வைத்த காலம் முதல் இந்த உத்தி உலகெங்கும் பாடமாகிவிட்டது. அதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விலை எல்லோரையும் ஒன்றாக்கும். பருப்பு விலை ஏறினால் பண்ணையாருக்கும் பண்ணைக்கூலிக்கும் ஏறுகிறது. ஒரே மேடையில் இருவரிடமும் அதைப் பேசலாம். கூலி அப்படியன்று. கூலி உயர வேண்டுமென்றால் அதைக் கொடுக்க வேண்டியவர் எதிரே நிற்கிறார். நிலம் வேண்டுமென்றால் அதை வைத்திருப்பவர் நிற்கிறார். எனவே பெருந்திரளை நாடும் வேட்பாளர் விலையை உரக்கவும் கூலியை மெல்லவும் பேசுவார். ஊழல்வாதி என்னும் எதிரியை எவரும் வெறுக்கலாம், அதற்குத் தன் பையிலிருந்து எதையும் இழக்க வேண்டியதில்லை.

மலையகமே இதற்குச் சான்று. தேயிலைத் தோட்டங்களுக்குத் தஞ்சை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை, அவர்களைக் கேட்காமலே, இந்தியாவுக்கு என்று எழுதியது. இன்றும் லயன் அறைகளில் வாழும் இம்மக்களின் நாள்கூலியை 1,000 ரூபாயிலிருந்து 1,700 ஆக்குவதாக ரணில் 2024 மே நாளில் அறிவித்தார். தோட்டக் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் சென்று தடை பெற்றன. தேர்தலுக்குச் சில நாள்கள் இருக்கையில் 1,350 ரூபாய் மட்டுமே அரசிதழில் வந்தது. எஞ்சிய 350, கூடுதலாகக் கொழுந்து பறித்தால் கிடைக்கும் ஊக்கத்தொகைப் பேச்சாகச் சுருங்கிற்று.

தேசிய மக்கள் சக்தி 2023 அக்டோபரிலேயே ஹட்டன் பிரகடனம் வெளியிட்டு, மலையகத் தமிழரின் தனி அடையாளத்தையும் காணி, வீட்டு உரிமைகளையும் ஏற்றது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதிபர் தேர்தலில் சஜித் பிரேமதாசவை முதலிடத்தில் வைத்த நுவரெலியா மாவட்டம், நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் 8 இடங்களில் 5ஐ அக்கட்சிக்குத் தந்தது. ஆனால் ஆட்சிக்கு வந்தபின் 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அவர்கள் கண்ட வழி என்ன? அடிப்படைக் கூலி 1,550. அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகை, அரசுக் கருவூலத்திலிருந்து. தொழிலாளிக்குப் பணம் வருகிறது, நல்லது. எனினும் கம்பெனி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பங்கைப் பொதுமக்களின் வரிப்பணம் ஏற்கிறது. இடதுசாரி மரபிலிருந்து வந்த அரசே கூலி கொடுப்பவரோடு மோதுவதைத் தவிர்த்துள்ளது.

வடக்கில் கதை சிக்கலானது. யாழ்ப்பாணத்து மீனவரின் பொருளாதாரக் கவலை நம் கரையின் இழுவைமடிப் படகுகளே. போரில் தொழிலிழந்து மீண்டவர்களின் வலைகளை அவை அறுக்கின்றன, கடலடியைச் சுரண்டுகின்றன. இழுவைமடியை இலங்கை 2017இல் தடை செய்தது. 2024 டிசம்பரில் தில்லிக்கு வந்த திசாநாயக்க அது நிறுத்தப்பட வேண்டும் என்றே கூறினார். துப்பாக்கிச் சூட்டை நாம் கண்டிக்கிறோம். அதே மூச்சில் அக்கரைத் தமிழரின் இழப்பையும் சொல்லாவிட்டால் நம் கண்டனத்துக்கு மதிப்பில்லை. இங்கும் அதே பிளவு உண்டு: டீசல் மானியம் படகு வைத்திருப்பவரைச் சேர்கிறது, சிறையும் குண்டும் படகில் பங்குக்கும் கூலிக்கும் போகிறவரைச் சேர்கின்றன.

புதுச்சேரி அரசியல் இதே பாடத்தை வேறு எழுத்தில் எழுதுகிறது. 2023இல் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தொடங்கியது. 2025 வரவு செலவு அறிக்கை அதை 2,500 ஆக அறிவித்தது. பெண்கள் கையில் சேரும் எந்தப் பணத்தையும் இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. நெடுங்காடு தனித்தொகுதியிலும், பட்டினச்சேரி அடங்கிய நிரவி–திருமலைராயன்பட்டினம் தொகுதியிலும் வாக்குக் கேட்டு வருவோரிடம் தோழர்கள் அந்தத் தொகையோடு நின்றுவிடாமல் மேலும் கேட்க வேண்டும். நடவுக்கும் அறுவடைக்கும் என்ன கூலி, அதை யார் கொடுப்பார், கொடுக்க மறுத்தால் எந்த அதிகாரி வருவார்? சேரியின் மனைப்பட்டா யார் பெயரில்? கடலில் பிடிபட்ட கூலியாளின் வீட்டுக்கு, அவர் திரும்பும்வரை, எவ்வளவு?