தூண்டில் இல்லாத ஆறு

2022 நவம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசுபட்ட ஆறுகளைப் பட்டியலிட்டது. 279 ஆறுகளில் 311 பகுதிகள் அதில் இடம்பெற்றன. அத்தனையிலும் மோசமாக இருந்தது கூவம், ஆவடி முதல் சத்யா நகர் வரை. அங்கே எடுத்த நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஒரு லிட்டர் நீரில் கிடக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் செரித்து முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனே எட்டு மில்லிகிராமைத் தாண்டாது. அதைக் கொண்டு இந்த 345-ஐத் தீர்க்க வேண்டும் என்றால், மீன் மூச்சுவிட என்ன மிஞ்சும்?

அந்தப் பட்டியலில் ஆவடியின் பெயர் முதலில் நிற்கிறது. பருத்திப்பட்டு, திருவேற்காடு, நொளம்பூர், மதுரவாயல் என்று ஆறு கடக்கும் ஊர்களெல்லாம் நாம் குடியிருக்கும் ஊர்கள். அறிக்கை வந்தபோது செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். அரசைத் திட்டினோம், ஆலைகளைத் திட்டினோம். அந்த 345-க்குள் நம் சமையலறையும் குளியலறையும் கழிவறையும் இருக்கின்றன என்பதை மட்டும் பேசாமல் விட்டோம். அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். எந்த மடுவில் விரால் கிடக்கும், எந்த மழைக்குக் கெளுத்தி ஏறும், தண்ணீர் எப்போது நிறம் மாறியது, எந்த வாய்க்கால் திடீரென நாறத் தொடங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆற்றிலிருந்து உயிருள்ள ஒன்றை எதிர்பார்ப்பவர் மட்டுமே அதை நாள்தோறும் உற்றுப் பார்ப்பார். நாம் ஆற்றிலிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே பார்க்கவும் இல்லை.

1950 வாக்கில் கூவத்தில் சுமார் ஐம்பது வகை மீன்கள் இருந்தன. முப்பது ஆண்டுகளுக்குள் அதில் பாதிகூட மிஞ்சவில்லை. அதன் பிறகு நகருக்குள் ஓடும் பகுதியில் எண்ணிச் சொல்லவே ஏதும் இல்லாமல் போனது. ஒவ்வொரு வகை மறைந்தபோதும் யாரோ ஒருவருடைய தூண்டிலில் அது கடைசியாக ஒருநாள் சிக்கியிருக்கும். அவரிடம் கேட்க நாம் போகவில்லை. கழியும் நரம்பும் தக்கையுமாகக் கரையில் உட்கார்ந்தவரை வேலையற்றவர் என்று நினைத்தோம். நம் பிள்ளைகளை அவர் பக்கம் போகவிடவில்லை. கடைசிச் சாட்சியையும் இப்படித்தான் இழந்தோம்.

இந்த மாநிலத்தில் மீனுக்காக யாரும் அக்கறைப்பட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. மதராஸில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே இந்திய மீன்களைப் பற்றிய தம் பெரும் நூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்டார். மதராஸ் மாகாணத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி எழுதினார். 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். நம் ஏரிகளின் மீன்களைப் பற்றி ஒரு வெளிநாட்டவர் புத்தகம் எழுதும் அளவுக்குச் சரக்கு இருந்தது. அந்த ஏரிகளின் கரையில் பிறந்து வளர்ந்த நாம் அந்த அறிவைத் தொடர்ந்து எழுதி வைக்கவில்லை.

நீலகிரிக்கு டிரவுட் மீன் வந்த கதையும் இங்கே நினைக்கத் தக்கது. 1860களில் டே ஐரோப்பாவிலிருந்து டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். கடல் பயணத்தின் வெப்பம் அதைக் கெடுத்தது. அப்படியும் முயற்சி நிற்கவில்லை. 1879இலேயே நீலகிரியின் விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் வந்தது. 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓடை இல்லாவிட்டால் டிரவுட் செத்துப்போகும். அதனால் அந்த ஓடைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள், தூண்டில் போட அனுமதிச் சீட்டு இருந்தது, தண்ணீரைப் பற்றிக் கவலைப்படும் ஒரு கூட்டம் இருந்தது. கடல் கடந்து வந்த மீனுக்காக ஓர் ஓடை இவ்வளவும் பெற்றது. இங்கேயே பிறந்த விராலுக்கு நாம் இதில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை.

விரால் அப்படிக் கைவிடத் தகுந்த மீனும் இல்லை. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். விரால் குஞ்சு பொரித்தால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மேல் திரியும். தாயோ தந்தையோ கீழேயே நின்று காக்கும். பழைய தூண்டில்காரர்கள் அந்தக் கூட்டத்தைக் கண்டால் அந்த விராலுக்கு முள் போடமாட்டார்கள். அதைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் கெட்ட நீரையும் தாங்கிக்கொள்ளும் மீன்களே மதுரவாயலில் வாழ முடியாமல் போயின என்றால், நாம் எந்த எல்லையைத் தாண்டினோம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

பூச்சித் தூண்டில் என்றொரு முறை உண்டு. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்து, நரம்பின் கனத்தைக் கொண்டே வீசி, நீர்மேல் மெதுவாக இறக்குவார்கள். ஓடையில் இப்போது எந்தப் பூச்சி பறக்கிறது, எது நீருக்கடியில் புழுவாக இருக்கிறது என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது. நல்ல நீரில் மட்டுமே வளரும் பூச்சிகள் இருக்கின்றன. சாக்கடையிலும் பெருகும் உயிர்களும் இருக்கின்றன. கூவத்தில் எஞ்சியிருப்பவை இரண்டாம் வகை. கொசுப் புழுவும் சிவப்புப் புழுவும் டியூபிஃபெக்ஸ் புழுவும் போதுமான அளவு கிடைக்கும்.

டியூபிஃபெக்ஸ் என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். கொளத்தூரில் அலங்கார மீன் கடைகளில் மீன் தீனியாக அதை வாங்குகிறோம். வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குக் காற்று பம்ப் வைக்கிறோம், தண்ணீரின் சூட்டைப் பார்க்கிறோம், ஒரு மீன் சோர்ந்தால் கடைக்காரரிடம் மருந்து கேட்கிறோம். மூச்சுக்காற்று இல்லாவிட்டால் மீன் சாகும் என்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்ததைத் தொட்டியோடு நிறுத்திக்கொண்டோம். தொட்டியை மீறி வளர்ந்த மீன்களை இரக்கம் என்ற பெயரில் ஏரியில் விட்டவர்களும் நாமே. உடம்பெல்லாம் ஓடு போன்ற செதில் கொண்ட உறிஞ்சி மீன் நம் ஏரிகளில் பரவியதற்கு அந்த இரக்கமும் ஒரு காரணம்.

இனி பெரிய குற்றங்களுக்கு வருவோம். முதல் குற்றம், ஆற்றைக் குடித்தது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையும் கூவமும் பிரிகின்றன. அங்கே நீரில் பெரும்பகுதி பூண்டிக்குப் போகிறது. கூவத்தில் மிஞ்சி வருவதையும் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டு தடுத்துப் புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்கு அனுப்புகிறது. சென்னையின் குடிநீருக்கு இது தேவைதான். ஆனால் மழைக்காலம் போக மீதி மாதங்களில் திருவேற்காட்டுக்குக் கீழே ஆற்றில் சொந்த நீர் என்று அநேகமாக ஏதும் இல்லை. நல்ல தண்ணீரைக் குழாயில் வாங்கிக்கொண்டு அதைக் கழிவாக்கி அதே ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தோம். இன்று அந்தப் பகுதியில் ஓடுவது பெரும்பாலும் நாம் பயன்படுத்தி முடித்த நீர்.

இரண்டாம் குற்றம், அந்தக் கழிவு எங்கே போகிறது என்று கேட்காதது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்தோம். லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனதா, இருட்டில் ஏதோ ஒரு கால்வாய்க்குப் போனதா என்று கேட்கவில்லை. சாக்கடை வந்த பிறகும் இணைப்புக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் பலர் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகினார்கள். அடுத்த வீட்டில் இருந்த நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். கூவத்தின் மாசில் பெரும்பங்கு வீட்டுக் கழிவு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் நம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அங்கிருந்து வந்த சாயத்தையும் எண்ணெயையும் நாம் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஆலைகளை மட்டுமே கை காட்டி நம் வீட்டுக் குழாயை மறைத்தது நேர்மையல்ல.

மூன்றாம் குற்றம், ஏரிகளை விட்டுக்கொடுத்தது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகும் வகையில் நம் முன்னோர் வெட்டினார்கள். மழை வரும்போது மீனும் அதே வழியில் ஏறி இறங்கும். வாய்க்காலை மனையாக்கி விற்றவரிடம் வாங்கியவர்கள் நாம்தான். ஏரி பார்த்த வீடு என்று விளம்பரம் பார்த்துக் கூடுதல் விலை கொடுத்தவர்களும் நாம். கொரட்டூர் ஏரிக்குக் கழிவு வருவதை எதிர்த்து கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சில குடும்பங்கள் தங்கள் விடுமுறை நாட்களைக் கொடுத்து அலைந்தபோது மற்றவர்கள் வாழ்த்து அனுப்பியதோடு சரி.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி 2019இல் சுற்றுச்சூழல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 87 ஏக்கர் ஏரி, சுத்திகரிப்பு நிலையம், நடைபாதை, படகு. நல்ல வேலை, அதை மறுப்பதற்கில்லை. கூவம் மறுசீரமைப்புக்கும் அரசு 600 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. நாம் நடைபாதையில் நடந்தோம், பறவைகளைப் படம் எடுத்தோம். நீருக்குள் என்ன வாழ்கிறது என்று கேட்கவில்லை. கரை அழகானதும் ஏரி பிழைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் கனத்த குற்றம் ஒன்று உண்டு. பெருமழைக்குப் பின் தடுப்பணைகளின் கீழும் ஏரிக் கலங்கல்களிலும் வலை வீசுவோரும் தூண்டில் போடுவோரும் இன்றும் வருகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு எங்கும் பரவிய மீன். அவர்களில் பலர் அதை விளையாட்டுக்காகப் பிடிப்பதில்லை. வீட்டில் குழம்பு வைக்கப் பிடிக்கிறார்கள். நம் கழிவில் வளர்ந்த மீனை நம்மைவிட வசதி குறைந்தவர் தம் பிள்ளைக்குப் போடுகிறார். பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போது நாம் எண்ணிப் பார்க்காதது இது.

திருந்த முடியுமா? முடியும் என்பதற்குத் தென் லண்டனில் ஓடும் வாண்டில் ஆறு சாட்சி. பூச்சித் தூண்டிலுக்கு ஒருகாலத்தில் பெயர்பெற்ற டிரவுட் ஆறு அது. ஆலைகளும் வீடுகளும் பெருகி, 1960களில் அதிகாரிகளே சாக்கடை என்று எழுதிவைக்கும் நிலைக்கு வந்தது. பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டது. அக்கம்பக்கத்தினர் மாதந்தோறும் ஆற்றில் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையில் டிரவுட் முட்டையைப் பொரித்து, குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். நெரிசலான நகரத்தின் நடுவே டிரவுட் மீண்டும் வாழ்கிறது. அரசு தன் பங்கைச் செய்தது. ஆற்றில் மீன் வேண்டும் என்று விடாமல் கேட்ட மக்கள் அருகிலேயே இருந்தார்கள்.

நம் ஆற்றில் டிரவுட் வாழாது, வாழவும் வேண்டாம். விரால் திரும்பினால் போதும். அதற்கு நாம் செய்ய வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. கழிவுநீர் லாரிக்காரரிடம் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டு ரசீது வாங்க வேண்டும். நம் தெரு மழைநீர் வடிகாலில் கோடையிலும் நீர் ஓடினால் அது யார் வீட்டுக் குழாய் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது நம்முடையதானால் முதலில் அதை மாற்ற வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் சாலை, விளக்கு என்று மனுக் கொடுக்கும்போது ஆற்று நீரின் பரிசோதனைக் கணக்கையும் கேட்க வேண்டும். மழைக்காலம் போக மற்ற மாதங்களிலும் ஆற்றுக்குக் கொஞ்சம் சொந்த நீர் விட வேண்டும் என்று கேட்க வேண்டும். வீட்டு மீனை ஏரியில் விடக் கூடாது. கரையில் தூண்டில் போடுகிறவர் அருகே நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வைத்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். எந்த மாதம், எந்த மடு, எந்த மீன் என்று. அந்த ஏடு பத்து வருடம் தொடர்ந்தால் எந்த அதிகாரியும் அதை ஒதுக்கிவிட முடியாது.

ஆறு திருந்தியதற்கு அடையாளமாகப் புதுப் பூங்காவையும் கரைச் சுவரையும் நாம் இனி ஏற்றுக்கொள்ளக் கூடாது. திருவேற்காட்டில் பிடித்த விராலை அங்கேயே ஒரு குடும்பம் பயமில்லாமல் சமைத்துச் சாப்பிட வேண்டும். அதுவரை நாம் கடனாளிகள். அந்தக் கடனை அரசின் பெயரிலோ ஆலையின் பெயரிலோ எழுதிவிட்டுப் போகும் உரிமை நமக்கு இல்லை.