எம்130 நடந்த வழி

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்து ஆண்கள் சிலரிடம் எம்130 என்ற மரபணுக் குறி இருப்பது தெரியவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்சும் சேர்ந்து செய்த ஆய்வு அது. 2003-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆவணப்படம் ஒன்று அதை உலகறியச் செய்தது. அன்றிலிருந்து ‘இந்தியாவின் முதல் மனிதன் எங்கள் ஊர்க்காரன்’ என்றும், இன்னும் ஒரு படி போய் ‘எங்கள் சாதிக்காரன்’ என்றும் அந்தச் செய்தி கைக்குக் கை மாறி வருகிறது.

ஊர்ப் பெருமை இருக்கட்டும். சாதிப் பெருமைக்கு அதில் இடமே இல்லை. குறி பழையது என்பதால் அதைச் சுமப்பவர் மற்றவர்களைவிட மூத்த குடி ஆகிவிட மாட்டார். இன்று வாழும் எல்லா ஆண்களின் தந்தைவழியும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரே மூதாதையிடம்தான் போய்ச் சேர்கிறது. எம்130 சொல்வது அதன் பிறகு மனிதர்கள் நடந்த வழியை. அந்த வழியைப் பற்றி நாம் பேசியதுதான் குறைவு.

அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது ஒய் குரோமோசோம். 2023-இல்தான் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாகப் படித்து முடித்தார்கள்: சுமார் 6.2 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மற்ற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் தாய்ப்பங்கும் தந்தைப்பங்குமாகக் கலைந்து சேரும். ஒய்யின் பெரும்பகுதி அப்படிக் கலைவதில்லை. அதனால் எப்போதோ ஒருவருக்கு நேர்ந்த எழுத்துப் பிழை அவருடைய ஆண் வாரிசுகள் எல்லோரிடமும் தங்கிவிடுகிறது. எம்130 அத்தகைய ஒற்றை எழுத்து மாற்றம். ‘சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ இருக்கிறது, அவ்வளவே.

அந்த ‘டி’யைச் சுமந்தவர்கள் அரேபியாவையும் இந்தியாவையும் கடற்கரையோரமாகவே கடந்து கிழக்கே போனார்கள் என்பது வெல்ஸ் போன்றோரின் கருத்து. காரணம் எளிது. சிப்பி, மீன், நண்டு என்று கரையோரத்தில் உணவு பெரிதாக மாறாது. பாலைவனமோ மலையோ குறுக்கிட்டாலும் கரையைப் பிடித்துக்கொண்டு போகலாம். கடல் மட்டம் அன்று இன்றைவிடப் பல பத்து மீட்டர் தாழ்ந்திருந்தது. அவர்கள் தங்கிய கரைகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. எலும்பும் கல்லாயுதமும் தோண்டி எடுக்க வழியில்லாத அந்தப் பயணத்துக்கு, உயிரோடு இருக்கும் மனிதர்களின் இரத்தம் சாட்சியாக நிற்பது எவ்வளவு பெரிய விஷயம்!

சாவகம், சுமத்ரா வரை நிலமாகவே போயிருக்கலாம். அதற்கப்பால் ஆஸ்திரேலியாவுக்குக் கடலைத் தாண்டியே தீர வேண்டும். தாண்டினார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்கள் பலரிடம் எம்130-இன் ஒரு கிளை இருக்கிறது. இந்தியாவில் காணப்படுவது வேறு கிளை. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை வைத்து, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியர்கள் ஆஸ்திரேலியா போனார்கள் என்று ஒரு கருத்து 2002-இல் எழுந்தது. 2016-இல் பழங்குடி ஆண்களின் ஒய் குரோமோசோம்களை விரிவாகப் படித்தபோது, கிளைகள் பிரிந்தது ஏறத்தாழ 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று தெரிந்தது. நம்மவர் போய்க் குடியேறிய கதைக்கு இந்தக் குறி ஆதாரமாகவில்லை.

இமயத்துக்கு வடக்கே இதே குறியின் இன்னொரு கிளை முற்றிலும் வேறு நிலத்தைச் சந்தித்தது. மங்கோலியாவிலிருந்து மேற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் புல்வெளி. குதிரையேறியவனுக்குத் தடையென்று அங்கே அதிகமில்லை. காஸ்பியன் கடலுக்கும் பசிபிக்குக்கும் இடைப்பட்ட 16 மக்கள் கூட்டங்களில் சுமார் 8 விழுக்காடு ஆண்கள் நெருங்கிய ஒரே தந்தைவழியைச் சேர்ந்தவர்கள் என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. செங்கிஸ்கான் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய உடல் கிடைத்ததும் இல்லை, சோதிக்கப்பட்டதும் இல்லை. இந்தக் கிளை அவருக்கு முன்பே பரவியிருக்கலாம் என்றும் பின்னர் சிலர் வாதிட்டார்கள். எது சரியானாலும், அந்தப் புல்வெளி இல்லாமல் ஒரு வழித்தோன்றல் இவ்வளவு தூரம் பரவியிருக்காது.

பசிபிக் தீவுகளில் கதை இன்னும் சுவையானது. பாலினீசியர்களின் தாய்வழியில் சுமார் 94 விழுக்காடு ஆசியாவைச் சேர்ந்தது. தந்தைவழியிலோ மூன்றில் இரண்டு பங்கு நியூகினி பக்கத்து மெலனீசியாவைச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி எம்130-இன் ஒரு கிளை. ஆசியாவிலிருந்து படகில் வந்த சமூகங்களில் மணமகன் பெண் வீட்டுக்குப் போய் வாழும் வழக்கம் இருந்திருக்க வேண்டும், உள்ளூர் ஆண்கள் அப்படித்தான் அந்தப் படகில் ஏறினார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தந்தைவழியை மட்டும் பார்த்தால் பாலினீசியர் மெலனீசியர். தாய்வழியை மட்டும் பார்த்தால் ஆசியர். இரண்டும் பாதி உண்மை.

உசிலம்பட்டிக்காரருக்கும் இது பொருந்தும். பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் குரோமோசோம் வந்தது அவற்றில் ஒன்றிலிருந்து மட்டுமே. மற்ற 1,023 பேரையும் மறைத்துவிட்டு ஒருவரைப் பிடித்துக்கொண்டு ‘இதுதான் எங்கள் இரத்தம்’ என்பது, அந்தப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் செய்யும் அநியாயம்.

தமிழகத்தைப் பற்றிய நல்ல ஆய்வு நம்மிடமே இருக்கிறது. பிச்சப்பனும் சக ஆய்வாளர்களும் 12 பழங்குடிகளையும் 19 சாதிக் குழுக்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டில் வேட்டையாடியவர்கள், மேட்டு நிலத்தில் மழையை நம்பி விதைத்தவர்கள், ஆற்றுப்பாசனத்தில் நெல் நட்டவர்கள் என்று பிழைப்பை வைத்தே தந்தைவழிகள் வேறுபட்டன. அந்த வேறுபாடு நாலாயிரம் முதல் ஆறாயிரம் ஆண்டுப் பழமையானது, வருண அமைப்புக்கு முந்தியது என்றது ஆய்வு. அதாவது நிலமும் நீரும் முதலில் பிரித்தன. கல்யாணக் கட்டுப்பாடு பின்னால் வந்து அந்தப் பிரிவை இறுக்கியது.

அந்த ஆய்வு வெளியானது ஆங்கில ஆய்விதழில். இரத்தம் கொடுத்தவர்களில் எத்தனையோ பேரின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்த முடிவுகளையும் எம்130-இன் வழியைக் காட்டும் வரைபடத்தையும் பாடநூல் நிறுவனம் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் நான்கு பக்கமாகவாவது சேர்க்க வேண்டும். உசிலம்பட்டி மாணவர் கசாக் மேய்ப்பரையும் ஆஸ்திரேலியப் பழங்குடியையும் பாலினீசியாவின் குக் தீவு மீனவரையும் தன் தூரத்துப் பங்காளிகளாக அந்த வரைபடத்தில் தேடிப் பார்க்கட்டும்.